பிரெடெரிக் ஜாக்சன் (பறவையியலாளர்)

சர் பிரெடெரிக் ஜோன் ஜாக்சன் (1860 – 1929) ஆங்கிலேயக் குடியேற்றவாத நிர்வாகியும் நாடுகாண் பயணியும் பறவையியலாளரும் ஆவார். கிழக்கு ஆப்பிரிக்கக் காப்பரசின் (இன்றைய கென்யாவின் பெரும்பகுதி) துணை ஆளுநராகவும், பின்னர் உகாண்டாவின் ஆளுநராகவும் பணியாற்றினார். ஆயினும் இன்று இவருடைய பெயர் அரசியல் வரலாற்று நூல்களைக் காட்டிலும் விலங்கியல் நூல்களிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. மூன்று கொம்புகளைக் கொண்ட ஜாக்சன் பச்சோந்தி, புல்வெளியில் துள்ளி ஆடும் ஜாக்சன் விதவைக்குருவி, கென்ய மலைக்காடுகளில் வாழும் ஜாக்சன் கௌதாரி ஆகியன இவர் பெயரைத் தாங்கியவை. இவருடைய பெயரைத் தாங்காவிடினும், ஆப்பிரிக்க உயர்நிலக் காடுகளுக்கே உரிய இலவங்க மார்புப் பஞ்சுருட்டான் என்ற பறவை அறிவியலுக்கு அறிமுகமானதும் இவருடைய சேகரிப்பின் வாயிலாகவே ஆகும்.

இளமையும் ஆப்பிரிக்க வருகையும்

ஜாக்சன் 1860 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்சயர் பகுதியில் பிறந்தார். டர்காம் பள்ளியிலும் பின்னர் கேம்பிரிட்ச்சின் ஜீசஸ் கல்லூரியிலும் கல்வி பயின்றார். விலங்கியலை முறையாகப் பயின்றவர் அல்லர். அக்காலத்து வசதி படைத்த ஆங்கிலேய இளைஞர் பலரைப் போலவே வேட்டையின் வழியாகவே இவர் இயற்கையை அறிந்துகொண்டார்.

1884 இல் வேட்டைக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். இந்தியப் பெருங்கடலோரத் துறைமுகமான லாமுவில் அப்போது பிரித்தானியத் துணைத்தூதராக இருந்த ஜோன் ஹாக்கார்ட் இவருடைய நண்பர். சாலமன் மன்னனின் சுரங்கங்கள் என்ற புகழ்பெற்ற புதினத்தை எழுதிய ரைடர் ஹாக்கார்ட் இத்தூதரின் உடன்பிறந்தவர் ஆவார். அப்புதினத்தில் வரும் கப்டன் குட் என்ற பாத்திரத்துக்கு ஜாக்சனே முன்மாதிரி என்று சொல்லப்படுவதுண்டு. புதின ஆசிரியரின் உடன்பிறந்தவரான தூதரே முன்மாதிரி என்பாரும் உளர்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜாக்சன் கடலோரப் பகுதிகளிலும் கிளிமஞ்சாரோ மலைப்பகுதியிலும் பயணம் செய்தார். வேட்டைக்கு வந்தவர் மெல்ல மெல்லப் பறவை சேகரிப்பவராக மாறியது இக்காலத்தில்தான். பறவையைச் சுட்டு, தோலை உரித்து, அது அழுகாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மருந்திட்டு, பஞ்சு அடைத்து, பிடித்த இடத்தையும் நாளையும் குறித்துக் காலில் சீட்டுக் கட்டி இலண்டனுக்கு அனுப்புவதே அக்காலப் பறவையியலின் அடிப்படை வேலை. கண்ணாற் கண்டதை மட்டும் எழுதினால் எவரும் ஏற்கமாட்டார்கள். தோல் கையில் இருக்கவேண்டும். இன்றைய வாசகருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஆப்பிரிக்கப் பறவைகளைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி இத்தகைய தோல்களின் மீதே கட்டப்பட்டது.

1889 – 90 பயணம்

ஜாக்சனின் வாழ்வில் அரசியலும் பறவையியலும் ஒன்றோடொன்று பிரிக்கமுடியாதபடி பின்னிக்கொண்டது இப்பயணத்தில் ஆகும். 1888 இல் அரச பட்டயம் பெற்ற இம்பீரியல் பிரித்தானியக் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பனி, கடற்கரையிலிருந்து விக்டோரியா ஏரிவரை வணிக வழி ஒன்றைத் திறக்க விரும்பியது. அதற்கென 1889 இல் மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட குழுவுக்கு ஜாக்சன் தலைவராக நியமிக்கப்பட்டார். எர்னெஸ்ட் கெட்ஜ், மருத்துவரான மக்கினன், ஜேம்ஸ் மார்ட்டின் ஆகியோர் உடன் சென்றனர். இந்நால்வரின் பெயர்களே நூல்களில் இடம்பெறுகின்றன. உணவையும் துணியையும் மணிகளையும் துப்பாக்கிகளையும், திரும்பும்போது யானைத் தந்தங்களையும் பறவைத் தோல்களையும் தலையில் சுமந்து சென்ற நூற்றுக்கணக்கான சுவாகிலிச் சுமையாட்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

அக்காலத்தில் எமின் பாஷாவின் நிலை ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. செருமனியில் பிறந்த இம்மருத்துவர், எகிப்திய அரசின் சார்பில் நைல் நதியின் மேற்பகுதியில் இருந்த ஈகுவடோரியா மாகாணத்தை ஆண்டவர். சூடானில் நிகழ்ந்த மகுதிக் கிளர்ச்சியால் வெளியுலகத் தொடர்பின்றிச் சிக்கிக்கொண்டவர். அவரும் ஒரு தேர்ந்த பறவை சேகரிப்பாளர் என்பது குறிப்பிடத்தக்கது. அவரைப் பற்றியும் அவரை மீட்கச் சென்ற ஸ்டான்லியைப் பற்றியும் செய்தி அறிவதும் ஜாக்சன் குழுவின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் 1889 டிசம்பரிலேயே எமினும் ஸ்டான்லியும் தெற்கு வழியாகக் கடற்கரையை அடைந்துவிட்டனர்.

1889 நவம்பரில் ஜாக்சன் குழுவினர் விக்டோரியா ஏரிக்கு வடகிழக்கே உள்ள மூமியாஸ் என்ற இடத்தை அடைந்தனர். அங்கே புகாண்டா நாட்டு மன்னன் முவாங்காவிடமிருந்து உதவி கேட்டுக் கடிதம் வந்தது. மதப் பிரிவினரிடையே மூண்ட உள்நாட்டுப் போரில் அரியணையை இழந்திருந்த முவாங்கா, அதனை மீட்க உதவுமாறு வேண்டியிருந்தான். புகாண்டாவுக்குள் நுழையக் கூடாது என்பது கம்பனி ஜாக்சனுக்கு இட்டிருந்த கட்டளை. எனவே அவர் உறுதியான மறுமொழி எதனையும் அளிக்காமல், தம்மாட்கள் சிலரை மூமியாசில் விட்டுவிட்டு வடக்கே எல்கான் மலையை நோக்கிச் சென்றார்.

இன்றைய கென்ய–உகாண்டா எல்லையில் அமைந்துள்ள எல்கான் 4,321 மீற்றர் உயரமுள்ள அணைந்த எரிமலை ஆகும். அதன் அடிவாரம் மிகப் பரந்தது. சரிவுகளில் உள்ள குகைகளில் அந்நாளில் மக்கள் தம் கால்நடைகளுடன் வாழ்ந்தனர். சரிவின் நடுப்பகுதியை அடர்ந்த மழைக்காடும் அதற்குமேல் மூங்கிற் காடும் சூழ்ந்திருந்தன. 1890 இன் தொடக்கத்தில் ஜாக்சனும் கெட்ஜும் மலையின் மேற்பகுதிவரை ஏறினர். உச்சிப் பகுதியில் உள்ள குளம் ஒன்று இன்றும் ஜாக்சன் குளம் எனப்படுகின்றது. தாழ்நிலச் சமவெளியினின்று முற்றிலும் வேறான பறவைகள் இக்காடுகளில் இருந்தன. கண்ட பறவை ஒவ்வொன்றும் புதிதாக இருக்கக்கூடும் என்ற நிலை பறவை சேகரிப்பவருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது.

இதே வாரங்களில் செருமானிய நாடுகாண் பயணி கார்ல் பீட்டர்ஸ் மூமியாசை வந்தடைந்தார். எமின் பாஷாவை மீட்பது என்ற பெயரில் புறப்பட்ட அவருடைய உண்மையான நோக்கம் செருமனிக்கு நிலம் தேடுவதே. ஜாக்சனுக்கென மூமியாசில் காத்திருந்த கடிதங்களைப் பிரித்துப் படித்த பீட்டர்ஸ், புகாண்டாவின் நிலையை அறிந்து, விரைந்து சென்று முவாங்காவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். மலையிலிருந்து மூமியாஸ் திரும்பிய ஜாக்சன் நடந்ததை அறிந்து, கம்பனியின் தடையையும் பொருட்படுத்தாமல் புகாண்டாவின் தலைநகரான மெங்கோவுக்குச் சென்றார். முவாங்காவோ ஆங்கிலேயர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டான். கெட்ஜை அங்கே விட்டுவிட்டு, புகாண்டாத் தூதுவர் சிலருடன் ஜாக்சன் கடற்கரைக்குத் திரும்பவேண்டியதாயிற்று.

ஒரு பேரரசின் பங்கை மலையேறிப் பறவை பிடித்துக்கொண்டிருந்து இழந்தவர் என்று ஜாக்சனைப் பிற்காலத்தில் சிலர் குறைகூறியதுண்டு. இது முழுதும் நேர்மையான மதிப்பீடு அன்று. கட்டளைப்படி நடந்தவர் அவர். கட்டளையை மீறியவர் பீட்டர்ஸ். மேலும் இருவருடைய ஓட்டமும் இறுதியில் எதையும் தீர்மானிக்கவில்லை. 1890 ஜூலை முதல் நாள் இலண்டனும் பெர்லினும் செய்துகொண்ட எலிகோலாந்து–சான்சிபார் உடன்படிக்கையின்படி புகாண்டா ஆங்கிலேயர் செல்வாக்குப் பகுதியாயிற்று. வடகடலில் உள்ள எலிகோலாந்து என்ற சிறு தீவு அதற்கு மாற்றாகச் செருமனிக்குக் கிடைத்தது. முவாங்காவின் மக்களை எவரும் கேட்கவில்லை.

இலவங்க மார்புப் பஞ்சுருட்டான்

இப்பயணத்தின் அரசியல் பயன் ஐயத்துக்குரியது. அறிவியற் பயன் ஐயத்துக்கிடமற்றது. ஜாக்சன் கொண்டுவந்த தோல்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் என்பவரிடம் சென்றன. பிரித்தானியப் பறவையியலாளர் சங்கத்தின் இதழான ஐபிசில் 1891, 1892 ஆம் ஆண்டுகளில் ஷார்ப் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். எல்கான் மலைப்பகுதியில் கிடைத்த பச்சை நிறப் பறவை ஒன்றுக்கு 1892 இல் அவர் மெலிட்டோபேகஸ் ஓரியோபேட்ஸ் எனப் பெயரிட்டார். முதற்சொல் கிரேக்கத்தில் தேனீ உண்ணி என்றும், இரண்டாம் சொல் மலையில் நடப்பது என்றும் பொருள்படும். பின்னர் இது மற்றப் பஞ்சுருட்டான்களுடன் மெரொப்ஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டு, இன்று மெரொப்ஸ் ஓரியோபேட்ஸ் என வழங்குகின்றது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தந்திக்கம்பிகளில் அமர்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டானைக் கண்டவர்கள் இப்பறவையை எளிதில் உருவகித்துக்கொள்ளலாம். முதுகு பச்சை, தொண்டை மஞ்சள், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, தொண்டைக்குக் கீழே மாலை போன்ற கறுப்பு வளையம். அதற்குக் கீழே மார்பு முழுவதும் இலவங்கப்பட்டையின் செம்பழுப்பு நிறம். நீளம் ஏறத்தாழ 20 முதல் 22 செ.மீ. நம் பச்சைப் பஞ்சுருட்டானுக்கு வால் நடுவே ஊசிபோல் நீண்ட இறகுகள் உண்டு. இதற்கு அவை இல்லை.

பஞ்சுருட்டான் குடும்பத்துப் பறவைகள் பெரும்பாலும் வெப்பமான திறந்த வெளிகளை விரும்புபவை. கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே சிறிய பஞ்சுருட்டான் புல்வெளியிலும், நீலமார்புப் பஞ்சுருட்டான் ஏரிக்கரைச் சதுப்புகளிலும், வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான் பிளவுப் பள்ளத்தாக்கின் மண்மேடுகளிலும் வாழ்கின்றன. இலவங்க மார்புப் பஞ்சுருட்டானோ குளிர்ந்த, மழைமிகுந்த உயர்நிலங்களை எடுத்துக்கொண்டது. கிழக்குக் கொங்கோ, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, கென்யா, வடக்குத் தான்சானியா, தென்சூடான் ஆகிய நாடுகளின் மலைகளில் இது வாழ்கின்றது. அடர்காட்டின் உட்பகுதியில் அன்றி, காட்டின் ஓரங்களிலும் மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடங்களிலுமே இதனைக் காணமுடியும். சிறிய பஞ்சுருட்டான் புல்லுயரத்தில் அமரும். இது மரத்தின் உயர்ந்த கிளையில் இணையாகவோ சிறு கூட்டமாகவோ அமர்ந்து, பறந்துசெல்லும் தேனீயைக் கண்டதும் பாய்ந்து பிடித்து அதே கிளைக்குத் திரும்பும். பிடித்த தேனீயைக் கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கின் நஞ்சை வெளியேற்றிய பின்னரே விழுங்கும். மண் சரிவுகளில் வளைதோண்டி, வளையின் கடைசியில் இரண்டு மூன்று வெண்ணிற முட்டைகளை இடும்.

இதற்கு நெருங்கிய உறவான எத்தியோப்பியப் பஞ்சுருட்டான் 1840களிலேயே அறிவியலுக்குத் தெரிந்திருந்தது. எல்கானிலும் மாவு மலைத்தொடரிலும் பறந்துகொண்டிருந்த இப்பறவைக்கு அறிவியற் பெயர் கிடைக்க மேலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. காரணம் எளியது. மசாய் நிலத்தைக் கடந்து உள்நாடு செல்லும் வழி 1882 – 84 இல் குஸ்தாவ் பிஷர், ஜோசப் தொம்சன் ஆகியோரின் பயணங்களுக்குப் பின்னரே ஐரோப்பியருக்குத் திறந்தது. மலைமக்களுக்கு இப்பறவை என்றும் தெரிந்தே இருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சூடானியப் படையினரின் கிளர்ச்சி

பயணம் முடிந்து இங்கிலாந்து திரும்பிய ஜாக்சன், பாட்மின்டன் நூல்வரிசையில் 1894 இல் வெளிவந்த பெருவிலங்கு வேட்டை பற்றிய நூலுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியை எழுதினார். அதே ஆண்டு பிரித்தானிய அரசு உகாண்டாவைக் காப்பரசாக அறிவித்தது. ஜாக்சன் அதன் நிர்வாகப் பணியில் சேர்ந்து, கென்ய உயர்நிலத்தில் உள்ள எல்டாமா ரவைன் நிலையத்தில் அமர்ந்தார். அப்பகுதி அன்று உகாண்டாவுக்கு உட்பட்டிருந்தது. மாவு மலைக்காடுகள் அருகில் இருந்தமையால் பறவை சேகரிப்பவருக்கு இதைவிடச் சிறந்த அலுவலகம் அமைந்திருக்க முடியாது.

1897 செப்டம்பரில் இந்நிலையத்தில் பெரும் கிளர்ச்சி ஒன்று வெடித்தது. மக்டொனால்டு என்ற படை அலுவலரின் வடக்குப் பயணத்துக்குத் துணையாகச் செல்லுமாறு பணிக்கப்பட்ட சூடானியப் படையினர் மறுத்து எழுந்தனர். இவர்களிற் பலர் எமின் பாஷாவின் பழைய படையைச் சேர்ந்தோரும் அவர்களின் வழிவந்தோரும் ஆவர்; லுகார்டு என்பவர் 1891 இல் அவர்களை உகாண்டாவுக்கு அழைத்துவந்திருந்தார். ஊதியம் மிகக் குறைவு. அதுவும் காலத்தில் கிடைப்பதில்லை. ஓய்வின்றிப் போர்முனை மாற்றி மாற்றி அனுப்பப்பட்டனர். மனைவி மக்களைப் பிரிந்து இன்னொரு நெடும்பயணம் செல்லும் மனநிலை அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய குறைகள் நியாயமானவை என்பதைப் பின்வந்த வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றனர்.

கிளர்ச்சியாளர் மேற்கே நகர்ந்து, பூசோகா நாட்டில் ஏரிக்கரையில் இருந்த லுப்வா கோட்டையைக் கைப்பற்றினர். ஜாக்சனும் மக்டொனால்டும் பின்தொடர்ந்தனர். 1897 அக்டோபர் 19 அன்று அங்கே நடந்த கடும் சண்டையில் ஜாக்சன் குண்டடிபட்டுப் படுகாயமடைந்தார். கிளர்ச்சியாளர் தம்மிடம் சிறைப்பட்டிருந்த ஐரோப்பியர் மூவரைச் சுட்டுக்கொன்றனர். இந்தியாவிலிருந்து படைகள் வரவழைக்கப்பட்ட பின்னரே கிளர்ச்சி அடங்கியது. எமினைத் தேடும் நோக்கத்துடனும் எட்டு ஆண்டுகளுக்கு முன் உள்நாடு வந்தவர், எமின் விட்டுச்சென்ற படையின் குண்டுக்கே இலக்கானார்.

உயர்நில நிலப்பகிர்வும் மசாய் மக்களும்

மொம்பாசாவிலிருந்து தொடங்கிய உகாண்டா தொடருந்துப் பாதை 1901 இறுதியில் விக்டோரியா ஏரியை அடைந்தது. 1902 இல் உகாண்டாவின் கிழக்குப் பகுதி கிழக்கு ஆப்பிரிக்கக் காப்பரசுடன் இணைக்கப்பட்டது. ஜாக்சன் அதன் துணை ஆணையரானார். தொடருந்துப் பாதைக்கு ஆன பெருஞ்செலவை மீட்க வேண்டும். குளிர்ந்த உயர்நிலங்களில் வெள்ளையரைக் குடியேற்றுவதே அதற்கு வழி என ஆணையர் சர் சார்ல்ஸ் எலியட் கருதினார். எலியட் பன்மொழிப் புலவர். கடல் நத்தையினங்களை ஆராய்ந்தவர். பிற்காலத்தில் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றி 1921 இல் மூன்று தொகுதிகளில் நூல் வெளியிட்டவர். இயற்கை அறிவியலில் ஈடுபாடு கொண்ட இருவர் ஒரே நிலத்தைப் பற்றி நேரெதிரான கருத்துக் கொண்டிருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

பிளவுப் பள்ளத்தாக்கில் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்களில் பெரும் பரப்பைக் கிழக்கு ஆப்பிரிக்க சிண்டிகேட் என்ற நிறுவனத்துக்கு அளிக்க முடிவாயிற்று. அதற்கு மேலும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இருவருக்கு எலியட் அதே பள்ளத்தாக்கில் நிலம் தருவதாக உறுதியளித்தார். மசாய் மக்களுக்கு அவர்களின் சிறந்த புல்வெளிகளும் நீர்நிலைகளும் இல்லாமற்போகும் என்று ஜாக்சன் எதிர்த்தார். 1904 இல் விடுப்பில் இலண்டனில் இருந்தபோது வெளியுறவு அமைச்சகத்துக்குத் தம் கருத்தைத் தெரிவித்தார். தனியார் இருவருக்கான நில ஒதுக்கீட்டை அமைச்சகம் தடுத்தது. தம் கீழ் அலுவலரின் சொல்லைத் தம் சொல்லுக்கு மேலாகக் கேட்டார்கள் எனச் சினமுற்ற எலியட் 1904 ஜூனில் பதவி விலகினார்.

ஆயினும் இதனை மசாய் மக்களின் வெற்றி என்று சொல்ல இயலாது. 1904 ஆகஸ்டில் அடுத்த ஆணையர் டொனால்டு ஸ்டூவர்ட் காலத்தில் செய்யப்பட்ட ஒப்பந்தம், அவர்களைப் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றி, வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கே வேறொரு ஒதுக்கிடத்துக்கும் பிரித்தது. 1911 இல் இன்னொரு ஒப்பந்தத்தின் மூலம் லைக்கிப்பியாவும் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. மசாய் மக்கள் தொடுத்த வழக்கு 1913 இல் தள்ளுபடியானது. ஜாக்சனின் எதிர்ப்பு இரண்டு மனிதருக்குப் போகவிருந்த நிலத்தைத் தடுத்தது. நிலம் பறிபோவதைத் தடுக்கவில்லை. எதிர்த்தபின்னும் அவர் அதே அரசின் பணியில் தொடர்ந்தார், உயர்பதவிகளும் பெற்றார். குடியேறிய வெள்ளையர் அவரைத் தம்மவராகக் கருதவில்லை. ஆப்பிரிக்கரும் அவ்வாறு கருதக் காரணம் இருக்கவில்லை.

உயர்பதவிகள்

ஜாக்சன் 1904 இல் ஆலின் லூயிஸ் கூப்பர் என்பவரை மணந்தார். அதே ஆண்டு ருவென்சோரி மலைப்பகுதியின் நீலத்தலைத் தேன்சிட்டை விவரித்து, அதற்கு மனைவியின் பெயரால் ஆலினே என்ற சிற்றினப் பெயரைச் சூட்டினார். தம் பறவைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து பெயரிட்டுவந்த ஷார்ப்பையும் அவர் மறக்கவில்லை. கென்ய உயர்நிலப் புல்வெளிகளுக்கே உரிய, இன்று அருகிவரும் ஷார்ப் நீள்நகச் சிட்டுக்கு 1904 இல் பெயரிட்டவரும் ஜாக்சனே.

1907 முதல் 1911 வரை கிழக்கு ஆப்பிரிக்கக் காப்பரசின் துணை ஆளுநராக இருந்தார். முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட் 1909 ஏப்ரலில் பெரும் வேட்டைப் பயணமாக மொம்பாசாவில் வந்திறங்கியபோது வரவேற்றவர் இவரே. அதே ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்க–உகாண்டா இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஜாக்சனும் ஒருவர். அச்சங்கம் நைரோபியில் அமைத்த சிறு அருங்காட்சியகமே வளர்ந்து இன்றைய நைரோபி தேசிய அருங்காட்சியகம் ஆயிற்று. சங்கமும் நேச்சர் கென்யா என்ற பெயரில் தொடர்ந்து இயங்குகின்றது.

1911 இல் உகாண்டாவின் ஆளுநரானார். 1913 இல் சர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது தெற்கே செருமானியக் கிழக்கு ஆப்பிரிக்காவுடன் உகாண்டா எல்லையைப் பகிர்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான உகாண்டா மக்கள் சுமைதூக்கும் படைகளில் சேர்க்கப்பட்டு, நோயாலும் பசியாலும் பலர் மாண்டனர். போர் முடியுமுன்பே ஜாக்சன் ஓய்வுபெற, 1918 இல் ராபர்ட் கொரிண்டன் ஆளுநராகப் பொறுப்பேற்றார். ஜாக்சனின் மருமகன் (உடன்பிறந்தாள் மகன்) ஜெப்ரி ஆர்ச்சரும் பறவையியலாளர். அவரும் பின்னர் 1923 முதல் 1925 வரை உகாண்டாவின் ஆளுநராக இருந்தார்.

நூல்களும் இறப்பும்

ஓய்வுக்குப் பின்னர் ஜாக்சன் தம் வாழ்நாட் குறிப்புகளைக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்கப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். தோலை மட்டும் பார்த்து இலண்டனில் எழுதியவர்களுக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பறவை எந்த உயரத்தில் வாழும், எவ்வாறு கத்தும், எங்கே கூடுகட்டும் என்பன அவருக்கு நேரில் தெரியும். நூல் முற்றுப்பெறுமுன் 1929 பெப்ரவரியில் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள போலியூ என்ற ஊரில் காலமானார்.

அவருடைய நினைவுக்குறிப்புகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆரம்ப நாட்கள் என்ற பொருள்படும் தலைப்பில் 1930 இல் வெளிவந்தன. பறவை நூலை வில்லியம் லட்லி ஸ்கிளேட்டர் என்ற பறவையியலாளர் பொறுப்பேற்று முடித்தார். கென்யா குடியேற்றத்தினதும் உகாண்டா காப்பரசினதும் பறவைகள் என்ற அந்நூல் 1938 இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பிறருடைய கையெழுத்துப்படியை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செப்பனிட்ட ஸ்கிளேட்டர், 1944 இல் இலண்டன் மீது வீசப்பட்ட செருமானிய வி-1 பறக்கும் குண்டுக்குப் பலியானார்.

பெயர் தாங்கிய உயிரினங்கள்

ஜாக்சன் பெயரைத் தாங்கியவற்றுள் மிகவும் புகழ்பெற்றது பூலஞ்சே 1896 இல் விவரித்த ஜாக்சன் பச்சோந்தி ஆகும். ஆண் பச்சோந்தியின் முகத்தில் மூன்று கொம்புகள் நீண்டிருக்கும். முட்டையிடாமல் குட்டி ஈனும் இப்பச்சோந்தி, வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியாக 1970களில் அவாய்த் தீவுகளுக்குச் சென்று அங்கே காட்டில் பெருகிவிட்டது. ஜாக்சன் விதவைக்குருவியின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பிறகும் நீண்ட வாலும் பெற்று, புல்லை வட்டமாக மிதித்து அதன் நடுவே மீண்டும் மீண்டும் துள்ளும். ஜாக்சன் இருவாட்சி, ஜாக்சன் கீரி ஆகியனவும் உண்டு.

இலவங்க மார்புப் பஞ்சுருட்டான் இப்பொழுது உடனடி ஆபத்து இல்லாத இனமாகவே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. காட்டின் ஓரத்தில் வாழ்வது என்பதால், மலைகளை வெட்டி அமைத்த சாலைகளின் மண்சுவர்களிலும் அது வளைதோண்டிக்கொள்கின்றது. நைரோபியின் மரச்சோலைகளிலும் காணப்படுகின்றது. எல்கான் மலையின் ஒரு பகுதி கென்யாவில் 1968 இலும், மற்றொரு பகுதி உகாண்டாவில் 1993 இலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அம்மலைக்காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பெனெட், ஒகியெக் மக்கள் வெளியேற்றப்பட்டு நில உரிமைக்காக வழக்காடிவருகின்றனர். ஜாக்சன் 1890 இல் சேகரித்த பறவைகளுள் பல, இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில், காலில் கட்டிய சீட்டுகளுடன் பாதுகாக்கப்படுகின்றன.